மூட்டு அடங்கியது, களைப்பு அடங்கவில்லை: சிறார் மூட்டழற்சியில் உடலுழைப்பும் வளர்சிதை மாற்றமும் — ஒரு நிகழ்வு ஆய்வு

வீக்கம் இல்லை. வலி இல்லை. ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் இயல்பு. ஆனாலும் இரண்டு மாடி ஏறினால் குழந்தை உட்கார்ந்துவிடுகிறாள். சிறார் மூட்டழற்சிக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டம் பழக்கமானதுதான். பெற்றோர் நோய் திரும்பிவிட்டதோ என்று பயப்படுவார்கள், பள்ளியில் சோம்பேறித்தனம் என்பார்கள், மருத்துவர் மூட்டுகளை அழுத்திப் பார்த்துவிட்டு "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார். உழைக்கும்போது அந்த உடல் எதை எரிக்கிறது, எவ்வளவு ஆக்ஸிஜனை இழுக்கிறது என்று அளந்து பார்த்தால் என்ன தெரியும், அதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் இந்த ஆய்வு.

ஒரு முன்குறிப்பு. இங்கே வரும் சிறுமி தனி ஒரு ஆள் அல்ல. இப்படிப்பட்ட குழந்தைகளிடம் வழக்கமாகக் காணப்படுவதைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. அளவீடுகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. உடலியங்கியல் கணக்குகள் அவற்றுக்குப் பொருந்தும்படி போடப்பட்டுள்ளன.

நோயின் பின்னணி

வயது 12. எட்டு வயதில் இரண்டு முழங்கால், இடது கணுக்கால், இரு மணிக்கட்டு, விரல் மூட்டுகள் சில என்று தொடங்கியது. முதல் ஆறு மாதத்துக்குள் ஐந்துக்கும் மேற்பட்ட மூட்டுகள் பாதிக்கப்பட்டதாலும், ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற எதிர்ப்புரதம் ரத்தத்தில் இல்லாததாலும், பல்மூட்டு வகை என்று முடிவானது. 16 வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது ஆறு வாரம் நீடித்து, வேறு காரணம் தெரியாத மூட்டழற்சியைத்தான் சிறார் மூட்டழற்சி என்கிறோம். அதன் ஏழு வகைகளில் இது ஒன்று. தொடக்கத்தில் சில மாதம் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, வாரம் ஒருமுறை நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட், இடது முழங்காலுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஓராண்டு கழித்தும் அடங்காததால், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் உயிரியல் மருந்தான எட்டனெர்செப்ட் சேர்க்கப்பட்டது. ஸ்டீராய்டு நிறுத்தி இரண்டு ஆண்டு ஆகிறது. கடைசி 14 மாதங்களில் எந்த மூட்டிலும் அழற்சி இல்லை. கண்ணிலும் பாதிப்பு இல்லை.

வந்த புகார் களைப்பு மட்டுமே. "ஓட ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துலயே கால் கனமாயிடுது டாக்டர். வலியெல்லாம் இல்ல" என்றாள். ஓய்வாக இருக்கும்போது களைப்பு இல்லை, தூக்கத்தில் குறையில்லை. மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் மட்டும் குமட்டலும் சோர்வும் உண்டு. விசாரித்ததில் இன்னொன்று தெரிந்தது. நோய் தீவிரமாக இருந்தபோது விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு மருத்துவக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அது இன்னும் நடப்பில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக மற்றவர்கள் ஓடும்போது இவள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். விலக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அதிலேயே ஒரு முடிவுத் தேதியும் எழுதிவிட்டால் நல்லது என்பது என் எண்ணம்.

பரிசோதனையில் தெரிந்தவை

எடை 36 கிலோ, உயரம் 143 செ.மீ. பருவ வளர்ச்சி தொடக்க நிலை; மாதவிடாய் இன்னும் ஆரம்பிக்கவில்லை. எந்த மூட்டிலும் வீக்கமோ அழுத்தினால் வலியோ இல்லை. இடது முழங்கால் மட்டும் கடைசி 5 பாகை நீளவில்லை. இடது தொடை கண்ணுக்கே மெலிந்து தெரிந்தது. கையடக்கக் கருவியில் அளந்தபோது முழங்காலை நீட்டும் விசை வலது காலைவிடக் கால் பங்கு குறைவு. இதில் ஆச்சரியம் இல்லை. முழங்காலுக்குள் நீர் கோத்திருக்கும் காலத்தில், மூட்டிலிருந்து போகும் நரம்புச் சமிக்ஞைகள் தொடையின் முன்பக்கத் தசையை முழுமையாகச் சுருங்கவிடாமல் தடுக்கின்றன. நீர் வற்றிய பிறகும் தசை தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை, யாராவது அதை வேலை வாங்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் இரு முழங்கால்களும் அமைதி. அழற்சிக் குறியீடுகளான சிஆர்பி, ஈஎஸ்ஆர், அவற்றோடு தைராய்டு, கல்லீரல் நொதிகள், தசை நொதி எல்லாம் இயல்பு. இதய மின்பதிவும் (இசிஜி) இயல்பு. ஹீமோகுளோபின் 11.4 கிராம், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11 மைக்ரோகிராம். 12 வயதில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் அந்த எண்ணை நம்ப முடியாது. இவளுக்கு சிஆர்பி இயல்பாக இருப்பதால் 11 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: இரும்புச் சத்துக் குறைவு. "பழைய நோய்தானே, ரத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்" என்று கடந்துபோகிற இடம் இது.

மிதிவண்டிச் சோதனை

களைப்புக்கு இரும்புக் குறைவு ஒன்றே போதுமான காரணம் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் படியேறும்போது கால் கனக்கும் அளவுக்கு 11.4 மட்டும் காரணமாக இருக்காது என்று தோன்றியது. மூச்சுக்காற்றை அளக்கும் உழைப்புச் சோதனை செய்யப்பட்டது. ஓடுதளத்துக்குப் பதில் நிலையான மிதிவண்டி, ஏனென்றால் முழங்காலில் அதிர்வு இல்லை, உழைப்பை வாட் கணக்கில் துல்லியமாக வைக்கலாம். இடது முழங்கால் முழுக்க நீளாததால் இருக்கையைச் சற்றே இறக்க வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு முன் லேசான காலை உணவு. அதே உணவை அடுத்த சோதனைக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டோம். என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து எதை எரிக்கிறார்கள் என்பதும் மாறும். இதைக் கவனிக்காமல் எடுத்த அளவுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

20, 35, 50 வாட் என்று மூன்று படிகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். அப்புறம் முடியாது என்று சொல்லும்வரை நிமிடத்துக்கு 10 வாட் ஏற்றம். உள்ளே போகும் ஆக்ஸிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்தால் போதும், கொழுப்பும் மாவுச்சத்தும் எவ்வளவு எரிகின்றன என்று கணக்கிடலாம். வெளியே வருவதை உள்ளே போவதால் வகுத்தால் கிடைப்பது சுவாச விகிதம். கொழுப்பு மட்டும் எரிந்தால் 0.7, மாவுச்சத்து மட்டும் என்றால் 1.0. ஆய்வாளர் ஃப்ரெய்ன் 1983-இல் தந்த சமன்பாட்டின்படி, நிமிடத்துக்கு எரியும் கொழுப்பு கிராமில் = 1.67 × (ஆக்ஸிஜன் லிட்டர் − கார்பன் டை ஆக்சைடு லிட்டர்).

20 வாட்டில் ஆக்ஸிஜன் 0.42 லிட்டர், விகிதம் 0.86, கொழுப்பு நிமிடத்துக்கு 0.10 கிராம். 35 வாட்டில் 0.58 லிட்டர், விகிதம் 0.91, கொழுப்பு 0.09 கிராம். 50 வாட்டில் 0.74 லிட்டர், விகிதம் 0.99, கொழுப்பு 0.02 கிராமுக்கும் கீழே. ஏறக்குறைய அணைந்தே விட்டது. இதயத்துடிப்பு முறையே 128, 152, 170. உச்சத்தில் ஆக்ஸிஜன் 1.08 லிட்டர், அதாவது கிலோவுக்கு நிமிடத்துக்கு 30 மி.லி. உச்சத் துடிப்பு 192, விகிதம் 1.06. இந்த இரண்டு எண்களும் முக்கியம். குழந்தை பாதியில் கைவிடவில்லை, முடிந்த அளவு மிதித்திருக்கிறாள் என்பதற்கு அவைதான் சாட்சி. சோம்பேறித்தனம் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

எண்களை எப்படிப் படித்தோம்

இந்த வயதுப் பெண் குழந்தைகளுக்கு உச்ச ஆக்ஸிஜன் அளவு கிலோவுக்கு 40 மி.லி.யை ஒட்டி இருக்கும். இவளுக்கு அதில் முக்கால் பங்கு. சிறார் மூட்டழற்சியில் இது வழக்கமான படம்தான்: 2002-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்தக் குழந்தைகளின் உச்ச ஆக்ஸிஜன் அளவு மற்ற குழந்தைகளைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது. உயிரியல் மருந்துகள் பரவலான பிறகு நடந்த ஒப்பீடுகள் சிலவற்றில் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. ஆக, எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படித்தான் என்று சொல்லக்கூடாது. நோய் நெடுநாள் அடங்காமல் இருந்து, அசைவும் குறைந்துபோன குழந்தைகளிடம்தான் இதை எதிர்பார்க்க வேண்டும்.

உச்ச எண்ணைவிட எனக்கு அதிகம் பேசியது நடுவில் உள்ள எண்கள். படியேறுவதற்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 20 மி.லி. ஆக்ஸிஜன் தேவை என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 40 உள்ள தோழிக்கு அது பாதி உழைப்பு. உச்சம் 30 உள்ள இவளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. மூன்றில் இரண்டு பங்கு என்பது இவளுடைய 50 வாட் படி, கொழுப்பு எரிவது நின்றுபோன இடம். ஒரே படிக்கட்டில் இருவரும் ஒன்றாக ஏறினாலும், தோழி கொழுப்பும் மாவுச்சத்தும் கலந்து எரிக்கிறாள், இவள் தசையில் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜனை மட்டும் கரைக்கிறாள். மெலிந்த தசையில் அந்தச் சேமிப்பும் குறைவு. கால் கனமாகிறது என்று அவள் சொன்னதை இதைவிடத் துல்லியமாக நம்மால் சொல்ல முடியாது.

இது ஏன் கவனத்துக்குரியது என்றால், குழந்தைகளின் உடல் இயல்பாகவே பெரியவர்களைவிட உழைப்பின்போது கொழுப்பை அதிகம் நம்புகிறது. மாவுச்சத்தை ஆக்ஸிஜன் இல்லாமல் வேகமாக உடைக்கும் திறன் பருவ வளர்ச்சியோடுதான் முழுமை பெறும். பாதி உழைப்பில் ஆரோக்கியமான குழந்தையின் சுவாச விகிதம் பொதுவாக 0.9-க்குக் கீழேயே நிற்கும். இவளுக்கு அங்கேயே 0.91. 35 வாட்டில் எரிந்த கலோரிகளில் கொழுப்பின் பங்கு 27 விழுக்காடு மட்டும்.

காரணம் என்ன? இங்கேதான் வாதம் இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் புரதங்களான டிஎன்எஃப் ஆல்ஃபாவும் ஐஎல்-6-உம் நெடுநாள் உயர்ந்திருந்தால் தசைப் புரதம் சிதைகிறது, இன்சுலின் சொல்வதைத் தசை சரியாகக் கேட்பதில்லை, செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையும் குன்றுகிறது. ஸ்டீராய்டு தசையை மெலியவைக்கும், குறிப்பாக வேகமாகச் சுருங்கும் இழைகளை. சிறார் மூட்டழற்சி உள்ளவர்களிடம் உழைப்பின்போது கொழுப்பு எரியும் வேகம் ஒத்த வயதினரைவிடக் குறைந்திருப்பதைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. இவற்றை வைத்து "நோய் தசையின் வளர்சிதை மாற்றத்தையே மாற்றிவிட்டது" என்று சொல்ல ஆசை வரும். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். எந்த நோயும் இல்லாத குழந்தையை மூன்று ஆண்டு உட்காரவைத்தாலும் மைட்டோகாண்ட்ரியா குறையும், கொழுப்பு எரியும் வேகமும் குறையும். இரும்புக் குறைவும் இதே திசையில்தான் தள்ளுகிறது: ஹீமோகுளோபினில் மட்டுமல்ல, மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கடத்தும் நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். நோய் செய்தது எவ்வளவு, நோய்க்குப் பயந்து அசையாமல் இருந்தது செய்தது எவ்வளவு என்று ஒரு மிதிவண்டிச் சோதனையால் பிரிக்க முடியாது. நல்லவேளையாக, இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

ஒரு காரணத்தை மட்டும் விலக்க முடிந்தது. முழங்கால் வளைந்தபடி நடப்பதால் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் ஆற்றல் செலவாகிறதோ என்ற சந்தேகம் இருந்தது. மிதிவண்டியில் ஒரு வாட்டுக்குச் செலவான ஆக்ஸிஜன் 10 முதல் 11 மி.லி.; இயல்பான அளவுதான். இது மிதிப்பதற்குப் பொருந்தும், நடப்பதற்கு அப்படியே பொருந்தாது என்றாலும், தசை தன் வேலையை வீணடிக்காமல் செய்கிறது என்று தெரிகிறது. தசையின் அளவும் அதற்கு வரும் ஆக்ஸிஜனும்தான் போதவில்லை.

செய்தது

இரும்பு மாத்திரை மூன்று மாதம். விலக்குக் கடிதத்துக்கு மறுகடிதம்: எந்த விளையாட்டும் ஆடலாம், மூட்டு வீங்கினால் மட்டும் அந்த மூட்டுக்கு ஓய்வு. வாரம் மூன்று நாள் பயிற்சி, மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாளைத் தவிர்த்து.

முதல் எட்டு வாரம் இதயத்துடிப்பு 125 முதல் 140-க்குள் இருக்கும்படி 20 நிமிடத்தில் தொடங்கி 30 நிமிடம்வரை. இந்த எல்லை சோதனையிலிருந்து வந்தது: 20 வாட்டுக்கும் 35 வாட்டுக்கும் இடைப்பட்ட, கொழுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும் பகுதி. பெற்றோருக்கு இது மிக மெதுவாகத் தெரிந்தது. "இவ்வளவு லேசாகச் செய்தால் போதுமா?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். அதற்கு முன் வீட்டிலேயே ஓடவைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடத்தில் கால் கனத்து நின்றுவிட்டாள், அப்புறம் அவளுக்கே வெறுத்துவிட்டது. தாங்கக்கூடிய வேகத்தில் தொடங்கியதுதான் தொடர்ந்து வரவைத்தது என்று நினைக்கிறேன்.

கூடவே இடது தொடைக்குத் தனிக் கவனம்: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், படி ஏறி இறங்குதல், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் முழங்கால் நீட்சி. ஒன்பதாவது வாரத்திலிருந்து 30 விநாடி வேகம், 90 விநாடி மெதுநடை என்று மாற்றி மாற்றி, கயிறு தாண்டுதலும் சேர்த்து. குழந்தைகள் இயல்பாக விளையாடுவதே அப்படித்தான், அரை மணி நேரம் ஒரே வேகத்தில் யாரும் ஓடுவதில்லை. எலும்புக்கும் குதிப்பு நல்லது. ஸ்டீராய்டும் அசைவின்மையும் சேர்ந்தால் எலும்பின் அடர்த்தி குறையும்.

பயிற்சியால் மூட்டு கெடுமா என்ற பயத்துக்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. 2007-இல் வெளியான, குலுக்கல் முறையில் குழு பிரித்த ஒப்பீட்டு ஆய்வில் 80 குழந்தைகள் 12 வாரம் பயிற்சி செய்தார்கள், ஒரு குழு தீவிரமாக, மற்றது சீகோங் என்ற சீன உடற்பயிற்சியின் மென்மையான அசைவுகளாக. யாருக்கும் நோய் மோசமாகவில்லை. அன்றாடச் செயல்திறன் இரு குழுவிலும் ஒரே அளவுக்கு மேம்பட்டது; தீவிரமாகச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை, ஒழுங்காக வந்தவர்கள் மென்மையான குழுவில்தான் அதிகம். தீவிரம்தான் எல்லாம் என்று நினைப்பவர்கள் இந்த முடிவைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்னொரு விஷயம்: உழைக்கும் தசையே ஐஎல்-6-ஐ வெளியிடுகிறது. நோயில் கேடு செய்யும் அதே மூலக்கூறுதான், ஆனால் டிஎன்எஃப் கூடவே உயராமல் சற்று நேரத்துக்கு மட்டும் உயர்ந்து தணியும்போது, அது ஐஎல்-10 போன்ற அழற்சி அடக்கிகளை வரவழைக்கிறது. பயிற்சி மருந்துக்கு மாற்று என்று இதற்கு அர்த்தமில்லை. பயிற்சியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று மட்டும் அர்த்தம்.

24 வாரத்துக்குப் பிறகு

எடை 38.5 கிலோ. ஹீமோகுளோபின் 12.6. மூட்டுகளில் புதிதாக எதுவும் இல்லை. நடுவில் ஒரு வாரம் இடது கணுக்கால் லேசாக வலித்தது, வீக்கம் இல்லை, பயிற்சியை மிதிவண்டிக்கு மட்டும் மாற்றியதும் சரியானது. அன்றாடச் செயல்பாட்டுக் கேள்வித்தாளில் 0.625 என்றிருந்த மதிப்பெண் 0.25 ஆனது (0 என்றால் சிரமமே இல்லை, 3 என்றால் முடியவே முடியாது). இடது தொடையின் பின்தங்கல் பாதியாகச் சுருங்கியது, முழுக்கப் போகவில்லை.

அதே உணவு, அதே மிதிவண்டி. 35 வாட்டில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய மாறவில்லை, 0.57 லிட்டர். சுவாச விகிதம் 0.87. கொழுப்பு 0.12 கிராம். கலோரியில் கொழுப்பின் பங்கு 27-லிருந்து 40 விழுக்காடு. இதயத்துடிப்பு 152-லிருந்து 139. கொழுப்பு அதிகமாக எரியும் புள்ளி 20 வாட்டிலிருந்து 35 வாட்டுக்கு நகர்ந்திருக்கிறது. 50 வாட்டிலும் இப்போது கொழுப்பு எரிகிறது, 0.11 கிராம். உச்ச ஆக்ஸிஜன் 1.30 லிட்டர்.

1.08-லிருந்து 1.30 என்றால் 20 விழுக்காடு உயர்வு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டும். எடை கூடியதால் கிலோ கணக்கில் அது 30-லிருந்து 33.8 மட்டுமே, 13 விழுக்காடு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைச் சுமக்கும், 11.4 என்பது 12.6 ஆனதால் ரத்தத்தின் சுமக்கும் திறன் மட்டுமே பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. ஆகவே உச்ச எண்ணில் வந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு இரும்பு மாத்திரைக்குப் போகிறது என்று சொன்னால் மறுப்பது கடினம். பயிற்சியின் தடம் எனக்குத் தெரிவது 35 வாட்டிலும் 50 வாட்டிலும் எரிபொருள் கலவை மாறியதிலும், தொடையின் விசையிலும்தான். அதிலும் ஒரு பகுதி வளர்ச்சிக்கும் இரும்புக்கும் சேரும். பருவ வளர்ச்சியோ வழக்கமாக மாவுச்சத்தின் பக்கம் தள்ளும். அது நடக்கும் வயதில் எதிர்த்திசையில் மாற்றம் வந்திருப்பதால், வளர்ச்சி மட்டுமே காரணம் என்ற வாதம் வலுவிழக்கிறது. ஒரு குழந்தையை வைத்து இதற்கு மேல் சொல்லக் கூடாது.

மெத்தோட்ரெக்ஸேட் மறுநாள் சோர்வு அப்படியேதான் இருக்கிறது; அதற்கும் தசைக்கும் சம்பந்தமில்லை, மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. உச்ச அளவு இன்னும் தோழிகளுக்குக் கீழேதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட மிதமான அல்லது தீவிர உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது, குறைபாடு உள்ள குழந்தைகளையும் சேர்த்தே. இவள் பள்ளி விளையாட்டு வகுப்பையும் சேர்த்து அதில் பாதியைத் தாண்டியிருக்கிறாள்.

எட்டனெர்செப்டின் இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாமா என்று குடும்பம் கேட்கிறது. இடது தொடை வலதை எட்டிப் பிடிக்கும்வரை, இரும்பு மாத்திரை இல்லாமலே ஃபெரிட்டின் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கிறதா என்று தெரியும்வரை அதைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறோம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், அடுத்த முறை கால் கனக்கும்போது எதனால் என்று தெரியாது. அடுத்த மிதிவண்டிச் சோதனை ஆறு மாதம் கழித்து, இந்த முறை 65 வாட் படி ஒன்றையும் சேர்த்து.